எண்ணும் பெண்ணும்

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் ஒருத்தி! ஊரார் சொல்லிச் சிரிக்கும் பழமொழி இது. சிரிப்பவர் யார்? அவளைச் சுற்றச் சொன்னவர்கள்தாம்! மரத்தடிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். மஞ்சள் கயிறும் மரத்தொட்டிலும் வாங்கிக் கையிலே கொடுத்தவர்கள் அவர்கள். ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று திருமணப் பந்தலிலும் தெருக்குழாயடியிலும் கேட்டுக் கேட்டு நெஞ்சைப் புண்ணாக்கியவர்களும் அவர்களே. சுற்றச் சொன்னவர்களுக்குச் சிரிப்பு, சுற்றியவளுக்கு ஏளனம்!

அந்தப் பழமொழியைச் சொல்லி வகுப்பறையில் நானும் சிரித்ததுண்டு. மூடநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் கைக்கு எளிதாகக் கிடைத்த பழமொழி அது. சென்ற அரையாண்டு விடுமுறையில் என் அக்காள் ஒரு கோப்புடன் வந்து என் எதிரே அமர்ந்தாள். அன்று முதல் என்னால் அதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அக்காள் மூத்தவள்; நான் கடைக்குட்டி. இடையே பன்னிரண்டு ஆண்டுகள். அம்மா வேலைக்குப் போன நாள்களில் என்னை இடுப்பிலே சுமந்தவள், சோறூட்டியவள், விரல் பிடித்து அகரம் எழுதவைத்தவள் அவள். அப்பா மறைந்தபின் அலுவலகத்தில் கணக்கெழுதி எங்களைப் படிக்கவைத்தவளும் அவளே. அதனால்தான் இருபத்தொன்பது வயதுவரை அவள் மணக்கவில்லை. நான் இன்று பட்டம் பெற்றுக் கரும்பலகை முன்னே நிற்கிறேன். அந்தப் பட்டத்துக்கு அவள் கொடுத்த விலை அவளுடைய இளமை. இப்போது அவளுக்கு வயது 40. அத்தானுக்கு 44. மணமாகிப் பதினோராண்டு. பிள்ளை இல்லை.

கோப்பிலே ஒரு தாள். தாளிலே ஓர் எண்: 0.5. ஏ.எம்.எச். என்ற இரத்தச் சோதனையின் முடிவு அது. சினைப்பையில் கருமுட்டை இருப்பு குறைந்துவிட்டது என்றார்களாம்.

“தேர்வில் தோற்ற பிள்ளையிடம் மதிப்பெண் பட்டியலை நீட்டுவாயே, அப்படி நீட்டினார்கள் என்னிடம். எத்தனைக்கு எத்தனை என்றுகூடத் தெரியாத மதிப்பெண்!” என்றாள்.

இரண்டு சுற்று மருத்துவம் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றிலே ஊசி. முதற்சுற்றில் கிடைத்தது ஒரே கருமுட்டை, அது கருவாகவில்லை. இரண்டாம் சுற்றில் இரண்டு, ஒன்று கருவாயிற்று, கருப்பையில் வைத்தார்கள், தங்கவில்லை. சேமிப்பு நான்கு இலட்சம் கரைந்தது. இனி என்ன செய்வது? இதுதான் அவள் சுமந்து வந்த கேள்வி.

கேள்வி அவளுடையது. விடை சொல்லவோ மூன்று பேர் அணிவகுத்து நின்றோம்!

மாமியார், கருக்காக்கும் அம்மன் கோயிலிலிருந்து நெய்ச் சம்புடம் கொண்டுவந்தார். “நாற்பத்தெட்டு நாள் சாப்பிடு, எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்” என்றார்.

அத்தான் மேடையேறி மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிப்பவர். “நெய்யாவது, நேர்த்திக்கடனாவது! அறிவியல் இருக்கிறது. மூன்றாம் சுற்று போவோம்; தவறினால் நான்காம் சுற்று. நம் இரத்தத்தில் ஒரு பிள்ளை வேண்டாமா?” என்றார்.

மூன்றாவது ஆள் நான். சீர்திருத்தம் படித்தவளாயிற்றே! “எதற்கக்கா இந்த வேதனை? தாயின்றித் தவிக்கும் குழந்தைகள் எத்தனை! ஒன்றை எடுத்து வளருங்கள். அதுதான் புரட்சி” என்றேன்.

அக்காள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நாளை நீ மணந்து கருவுற்றால், ‘ஏன் பெறுகிறாய், தாயற்ற பிள்ளையை எடுத்துக்கொள்’ என்று உன்னிடம் எவராவது வந்து சொல்வார்களா? பெறமுடிந்தவளுக்கு இல்லாத கடமை, பெறமுடியாதவளுக்கு மட்டும் எங்கிருந்தம்மா வந்தது? உங்கள் புரட்சி வண்டியில் பூட்ட என் கழுத்துத்தானா கிடைத்தது?”

வாயடைத்து நின்றேன். தோழர்களே, நெய்க்கும் ஊசிக்கும் அறிவுரைக்கும் இடையே நான் கண்டிருந்த வேறுபாடெல்லாம் அந்த நொடியில் கரைந்துபோயிற்று. ஒருவர் பக்தியின் பெயரால் ஏவினார். ஒருவர் அறிவியலின் பெயரால் ஏவினார். நான் கொள்கையின் பெயரால் ஏவினேன். ஏவப்பட்டவள் ஒருத்தியே. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்க மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

அன்றிரவு அறிவுரையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, அந்த எண்ணைப் பற்றிப் படிக்க இருவரும் உட்கார்ந்தோம். படித்ததைச் சொல்கிறேன்.

குதிரும் நெல்லும்

ஒரு பெண்குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது இலட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறந்த பிறகு அந்தக் குதிரில் புது நெல் விழுவதில்லை. பூப்பெய்தும் போது மூன்று நான்கு இலட்சமே மிச்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருவன நானூறு ஐந்நூறு மட்டுமே. மற்றவை? உள்ளேயே கருகி மறைகின்றன. மணந்தாலும் மணக்காவிட்டாலும், படித்தாலும் படிக்காவிட்டாலும், வீட்டிலிருந்தாலும் வேலைக்குப் போனாலும் இந்தக் குறைவு நிற்பதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறத்தாழ ஆயிரம் எஞ்சியிருக்கும். குதிரின் அளவு எல்லோருக்கும் ஒன்றன்று. கரையும் வேகமும் ஒன்றன்று. அதனால்தான் ஒருத்திக்கு முப்பதிலேயே குறைகிறது. இன்னொருத்திக்கு நாற்பதிலும் நிற்கிறது. இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. முற்பிறப்பும் இல்லை, மூதேவியும் இல்லை.

ஏ.எம்.எச். என்பது சினைப்பையிலுள்ள சிறு நுண்பைகள் சுரக்கும் ஒரு பொருள். நுண்பைகள் மிகுதியாக இருந்தால் அளவு மிகும், குறைந்தால் குறையும். ஊசி போட்டால் ஏறத்தாழ எத்தனை கருமுட்டை திரட்டலாம் என்பதை முன்கூட்டிச் சொல்ல அந்த எண் உதவும். ஆனால் அது எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. வயது ஏற ஏறக் கருமுட்டையின் மரபுத்திரிகளில் பிழைகள் மிகும், கருத்தரிப்பு அருகும், கருச்சிதைவு பெருகும்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முப்பது முதல் நாற்பத்து நான்கு வயதுக்குட்பட்ட, மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத பெண்கள் இயற்கையாகக் கருத்தரிக்க முயன்றதைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருவுற்றார்கள் என்று அது காட்டிற்று. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தச் சோதனையைச் செய்துவிட்டு ‘எண் குறைவு, உடனே மணமுடி’ என்று விரட்டுவோர் இதை நினைவில் கொள்ளட்டும். மாதந்தோறும் கருவாக ஒரு முட்டை போதும். ஆனால் சோதனைக்குழாய் முறையில் பல முட்டைகள் கிடைத்தால்தான் வாய்ப்பு மிகும். அக்காளின் நிலை இந்த இரண்டாவது வகை. அங்கே எண் குறைந்தால் வாய்ப்பும் குறையும். இதை மறைப்பது இரக்கமன்று, ஏமாற்று.

அடைபட்ட வழியும் அருகிய விதையும்

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண்குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த உலகின் முதற்குழந்தை. அதைச் சாதித்த மூவர் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி. எட்வர்ட்ஸ் 2010இல் நோபெல் பரிசு பெற்றார். அதே 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இன்னொரு பெண்குழந்தை பிறந்தது. அவரை நம்ப மறுத்தது அன்றைய ஆட்சி, ஆராயவிடாமல் அலைக்கழித்தது, 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அறிவைப் போற்றத் தெரியாத நாடு அறிஞனைக் கொன்ற கதை அது.

ஆனால் தோழர்களே, நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் குறை, கருக்குழாய் அடைப்பு. முட்டை இருந்தது, வழி இல்லை. அந்த அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு போகப் பிறந்ததே சோதனைக்குழாய் முறை. விதை அருகிய குதிரில் விதையைப் பெருக்குவதற்காக அது பிறக்கவில்லை. ஊசி மருந்து புதிய கருமுட்டைகளைப் படைப்பதில்லை. அந்த மாதம் கருகவிருந்த சிலவற்றைக் கருகாமல் வளர்க்கிறது, அவ்வளவே. வளர்க்க அங்கே இரண்டுதான் உண்டென்றால், இரட்டிப்பு மருந்தை ஊற்றினாலும் இருபது வந்துவிடாது.

1940களிலேயே பெரியார் தமது ‘இனிவரும் உலகம்’ நூலில், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை உண்டாகும் காலத்தை எடுத்துரைத்தார். அறிவியல் பெண்ணின் சுமையை இறக்கும் என்பது அவர் கண்ட எதிர்காலம். அதே அறிவியலைக் கொண்டு, ‘வழிதான் இருக்கிறதே, இன்னும் ஏன் பெறவில்லை?’ என்று பெண்ணின் தலையில் புதுச்சுமை ஏற்றுவது நாம் படைத்த நிகழ்காலம்!

புதிய அரசமரம்

கோயிலிலே நாம் கேட்கும் கேள்வி என்ன? ‘நூறு பேர் தொட்டில் கட்டினார்களே, எத்தனை பேருக்குப் பிள்ளை பிறந்தது? பிறக்காதவர்களின் கணக்கு எங்கே?’ சரியான கேள்வி. அதே கேள்வியை மருத்துவமனையிலே ஏன் கேட்பதில்லை? அங்கே சுவரெல்லாம் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். வெறுங்கையுடன் திரும்பியவர்களின் படம் எந்தச் சுவரிலே தொங்குகிறது?

இங்கிலாந்து இதற்கென 1990இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டே கண்காணிப்பு ஆணையம் அமைத்தது. வெற்றி தோல்விக் கணக்கைப் பொதுமக்கள் முன் அது வைக்கிறது. 2019ஆம் ஆண்டுக்கு அது தந்த கணக்கு: சொந்தக் கருமுட்டையால் உருவாகிக் கருப்பையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த வீதம், முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோர்க்கு நூற்றுக்கு 32, நாற்பது முதல் நாற்பத்திரண்டு வயதினர்க்கு 11, நாற்பத்து மூன்றைத் தொட்டவர்க்கு ஐந்துக்கும் கீழே. அதுவும் கருவாகி வைக்கப்பட்டவற்றின் கணக்கு! ஊசி தொடங்கி, முட்டையே கிடைக்காமலோ கிடைத்தும் கருவாகாமலோ நின்றுபோன சுற்றுகளையும் சேர்த்தால் எண் இன்னும் இறங்கும். நம் நாட்டிலும் 2021இல் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருந்தென்ன? கேட்பவர் இருந்தால்தானே கணக்கு வெளிவரும்!

அக்காள் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டாள். என் வயதிலும் என் எண்ணிலும் சுற்றைத் தொடங்கிய நூறு பேரில், கருத்தரித்தவர்களை விட்டுவிடுங்கள், குழந்தையைக் கையிலே ஏந்தியவர்கள் எத்தனை பேர்? இம்முறை கூடுதலாகச் சேர்ப்பதாகச் சொல்லும் மருத்துவத்தால் குழந்தைப்பேறு கூடுகிறது என்பதற்குச் சான்று என்ன? எந்த நிலை வந்தால் நீங்களே ‘போதும், நிறுத்திக்கொள்’ என்பீர்கள்?

மருத்துவர் நல்லவர். முதலில் திகைத்தார், பிறகு உண்மை பேசினார். முதற்கேள்விக்கு, “நூற்றுக்குப் பத்துக்கும் கீழே” என்றார். இரண்டாம் கேள்வி, அவளுடைய இரத்தத்திலிருந்தே பிளாஸ்மாவைப் பிரித்துச் சினைப்பையில் செலுத்தி ‘இளமையாக்கும்’ முறை பற்றியது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளில் அதை ஏற்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். மூன்றாம் கேள்விக்கு நெடுநேரம் விடை சொல்லவில்லை. “அதை என்னிடம் எவரும் கேட்டதில்லை, அம்மா” என்றார்.

அறிவியலை நம்புவது வேறு. அறிவியல் முறையில் எண்ணுவது வேறு. கேள்வி கேட்காமல் ஊசிக்கு வயிற்றைக் காட்டினால் ஊசியும் அரசமரமே. சுற்றுக்குப் பின் சுற்று என்று சுற்றிவிட்டு, அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கச் செய்கிறோம்!

எது காத்திருக்கும்?

வழிகள் நான்கு. சொந்தக் கருமுட்டையால் இன்னொரு முயற்சி, கொடையாளரின் கருமுட்டை, தத்து, ‘பிள்ளை இல்லை, வாழ்க்கை உண்டு’ என்று நிறுத்திக்கொள்வது. நான்கும் ஒழுக்கமான வழிகளே. ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு மட்டும் வேறு.

சொந்தக் கருமுட்டை காத்திருக்காது. ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு இறங்கும். கொடைமுட்டை காத்திருக்கும். கருமுட்டையின் வயதே பெரிதும் முடிவுசெய்கிறது என்பதால், பெறுபவளின் வயது ஏறினாலும் வெற்றி அவ்வளவாகக் குறைவதில்லை. இங்கிலாந்தின் கணக்கில் அது எல்லா வயதிலும் முப்பதுக்கு மேல். இந்நாட்டுச் சட்டம் பெண்ணுக்கு ஐம்பது வயதுவரை மருத்துவத்தை அனுமதிக்கிறது. தத்து? அது என்றும் திறந்திருக்கும் கதவு என்று நான் எண்ணியிருந்தேன். அதுவும் தவறு! 2022ஆம் ஆண்டுத் தத்து விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெறக் கணவன் மனைவி இருவர் வயதின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக்கூடாது. பதிவு செய்யும் நாளின் வயதே கணக்கு. அக்காளும் அத்தானும் சேர்ந்து 84. அடுத்த ஆண்டு 86! ‘எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் தத்து’ என்று சொல்லும் ஊர்வழக்கம், அவர்கள் முன்னே அந்தக் கதவை ஓசையின்றிச் சாத்திக்கொண்டிருந்தது. எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தியபோதே, அவள் முகத்தில் பாதிச் சுமை இறங்கியதைக் கண்டேன்.

இன்னொருத்தியின் உடல்

இங்கே என் வெட்கத்தையும் சொல்லிவிடவேண்டும். “என் கருமுட்டையைத் தருகிறேன், அக்கா” என்றேன். எனக்கு வயது இருபத்தெட்டு. கொடையாளர்க்குச் சட்டம் சொல்லும் வயது 23 முதல் 35. மனமாரத்தான் சொன்னேன். ஆனால் மருத்துவர், ‘பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் பெறவேண்டும், உறவினர் தர வழியில்லை’ என்றபோது, என் நெஞ்சின் ஒரு மூலையில் நிம்மதி பிறந்தது. ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, சினைப்பை வீங்கும் என்ற அச்சமில்லை!

அந்த நிம்மதி என்னைச் சுட்டது. என்னை வளர்த்தவளுக்காக நானே அஞ்சும் ஒன்றை, முகம் தெரியாத ஒருத்தி எதற்காகச் செய்வாள்? அன்பினாலா? பெரும்பாலும் வறுமையினால் என்றே அஞ்சுகிறேன். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கலாகாது, கொடையாளர்க்குக் காப்பீடு செய்யவேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அது வந்த மறு ஆண்டே, 2022இல், பதினாறு வயதுச் சிறுமியின் வயதைப் பொய்ச்சான்றால் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுக்கவைத்த கொடுமை ஈரோட்டில் வெளிப்பட்டது. ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைக்க இன்னொரு பெண்ணின் உடலைச் சுரண்டும் சந்தை உருவாகுமானால், அதைக் கேளாமல் விடுவது பகுத்தறிவாகுமா?

கொடைமுட்டையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வழியால் தாயானவளும் முழுத் தாயே. பத்து மாதம் சுமந்தவளைத் தாயல்லள் என்று சொல்ல எவனுக்கு நாவுண்டு? ‘கொடுப்பவள் யார், அறிந்து இசைந்தாளா, அவள் உடலுக்கு யார் பொறுப்பு?’ என்று பெறுபவள் கேட்கவேண்டும் என்கிறேன். கேட்கும் உரிமை அவளுக்குண்டு. கேட்கும் கடமையும் உண்டு.

குருதியின் பெயரால்

‘நம் இரத்தத்தில் ஒரு பிள்ளை’ என்றாரே அத்தான், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ‘புத்’ என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுபவன் புத்திரன் என்ற கதையிலிருந்து வந்தது. பிள்ளை பெறாத மனைவியை எட்டாம் ஆண்டிலும், பெற்றதெல்லாம் இறந்துபோனவளைப் பத்தாம் ஆண்டிலும், பெண்களையே பெற்றவளைப் பதினோராம் ஆண்டிலும் விலக்கி வேறொருத்தியை மணக்கலாம் என்று காலக்கெடு விதித்தது மனுநூல். அந்தக் கணக்குப்படி என் அக்காள் தள்ளப்பட்டு மூன்றாண்டாகிறது! 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் வரும்வரை, பழைய இந்துச் சட்டத்தில் பொதுவாக ஆண்பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். பிண்டம் வைக்க ஆண் வேண்டுமல்லவா! நரகத்தை நம்பாத நாம், நரகத்துக்குப் பயந்து பிறந்த வம்ச வெறியை மட்டும் நெஞ்சிலே வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

அத்தானைக் குறைசொல்லிக் கைகழுவ நான் விரும்பவில்லை. அவர் அழுததை நான் கண்டேன். ஆனால் ஒன்று. மணமான முதலாண்டிலிருந்தே அக்காளுக்குச் சோதனை மேல் சோதனை. அத்தானுக்கு விந்துச் சோதனை செய்தது நான்காம் ஆண்டில்! பிள்ளையில்லா இணையரில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. இருவரில் எளிதாக முடியும் சோதனையும் ஆணுக்குரியதே. அந்த மூன்று ஆண்டுகள், கரையும் குதிரிலிருந்து களவுபோன ஆண்டுகள். களவாடியது விதியன்று, ‘ஆணுக்கென்ன குறை’ என்ற ஆணவம்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் அறிவித்தது. ஆறில் ஒருவர்! ஆனால் ‘மலடி’ என்ற வசை மட்டும் பெண்ணைத் தேடிப் போகிறது; வளைகாப்பு வீட்டில் அவளை ஓரமாக நிறுத்துகிறது.

அக்காளின் மூன்று வரி

கோப்பின் பின்பக்கத்தில் அவள் எழுதிய மூன்று வரிகளைச் சொல்கிறேன். சொல்ல அவள் இசைவு தந்திருக்கிறாள்.

“என் கருமுட்டையால் இன்னும் ஒரே ஒரு சுற்று. கடன் வாங்கமாட்டேன், நகை அடகு வைக்கமாட்டேன். நூற்றுக்குப் பத்துக்கும் கீழே என்பதை அறிந்தே செய்கிறேன்.”

“அதே வாரத்தில் தத்துக்குப் பதிவு. இது தோல்விக்குப் பிந்திய ஆறுதல் அன்று. இதுவும் எனக்கு வேண்டும்.”

“கொடைமுட்டை எனக்கு வேண்டாம். ஏற்பவளை நான் குறைசொல்லமாட்டேன். என் எல்லை இது.”

நான் வாதாடினேன். “பத்துக்கும் கீழே என்று தெரிந்தும் எதற்கு?” என்றேன். “தொண்ணூறு பேர் தோற்பார்கள் என்று தெரியாமல் சுற்றினால் அது அரசமரம். தெரிந்து, அளவு வைத்து, நிறுத்தும் நாளையும் குறித்துவிட்டு ஒருமுறை முயன்றால் அது என் விருப்பம். பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுவது மூடநம்பிக்கையா, சொல்!” என்றாள்.

இல்லை, அக்கா. மூடநம்பிக்கை இல்லை. உண்மையை அறியவைப்பது வரைதான் பகுத்தறிவின் வேலை. அறிந்தபின் எதை விரும்பவேண்டும் என்று ஆணையிடும் உரிமை அதற்கில்லை. எனக்கும் இல்லை. பத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்று கேட்டவுடன் ஒருத்தி நிறுத்திவிடலாம். இன்னொருத்தி முயன்று பார்க்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தால் இரண்டும் அறிவு வழி. எவரோ ஏவ, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் இரண்டும் அடிமை வழி.

முடிவு என்னவாயிற்று? மூன்றாம் சுற்று பலித்ததா? தத்து கிடைத்ததா? கேட்கத் தோன்றுகிறதல்லவா, தோழர்களே! சொல்லமாட்டேன். அந்தக் கேள்விதான் பந்தலிலும் குழாயடியிலும் பதினோராண்டாக அவளைத் துரத்திய கேள்வி. ‘விசேஷம் உண்டா?’ என்ற அதே கேள்வி! அவள் முடிவு சரியா என்பதை, பிறக்கும் பிள்ளையை வைத்து அளப்பதையே நிறுத்தச் சொல்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த திருமணத்தில் அந்தக் கேள்வி உங்கள் நாவில் எழுமானால், அங்கேயே விழுங்குங்கள். மணமாகி ஓராண்டு கடந்தும் பிள்ளையில்லையென்றால், மனைவியை அனுப்பும் முன் நீங்கள் சோதனைக்குப் போங்கள். மருத்துவமனையில் வெற்றிக் கணக்கைக் கேளுங்கள். தோல்விக் கணக்கையும் கேளுங்கள். வளைகாப்புப் பந்தலில் ஓரமாக நிற்பவளை நடுவில் அமர்த்துங்கள். தத்தெடுக்கச் சொல்லிப் பிறருக்கு உபதேசிக்கும் முன், நீங்கள் எடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டேன், விடை எளிதாக வரவில்லை.

அரசமரப் பழமொழியை நான் இப்போதும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் சொன்னதும், “அவளைச் சுற்றச் சொன்னவர்கள் யார்?” என்று கேட்கிறேன். பிள்ளைகள் விழிக்கிறார்கள், பிறகு எண்ணுகிறார்கள்.

0.5 என்பது ஒரு பெண்ணின் மதிப்பெண் அன்று. அது ஒரு செய்தி. செய்தியைச் சொல்வது எண்ணின் வேலை. முடிவைச் சொல்வது பெண்ணின் உரிமை. எண்ணுக்கு அஞ்சும் பெண் வேண்டாம். எண்ணைக் கையிலேந்தி எண்ணும் பெண் வேண்டும்!